சாவு விடுப்பு

இருதயராஜுக்கு ஈரல் புற்றுநோய் முற்றிவிட்டது. அவரைப் போன்ற லட்சம் நோயாளிகளின் ஆயுளை அலசிய ஆஸ்பத்திரிக் கணினி, ஆகஸ்ட் ஒன்பது என்று நாள் குறித்தது. அந்தத் தேதியை வைத்து, ஓசூர் தொழிற்சாலை அவர் மகள் ஜெசிந்தாவுக்கு முன்கூட்டியே பத்து நாள் சாவு விடுப்புக் கொடுத்தது. தூத்துக்குடிக்கு ஓடிவந்தவள் கஞ்சி ஊட்டினாள், கால் பிடித்துவிட்டாள்.

ஒன்பதாம் தேதி அவர் எழுந்து உட்கார்ந்து மீன்குழம்பு கேட்டார். மறுநாள் விடுப்பு முடிந்தது. அவள் பையை எடுத்தபோது, "உன்ன வீணாக் காக்க வச்சிட்டேனேம்மா" என்றார்.

"அப்படிச் சொல்லாதீங்கப்பா" என்று அழுதாள்.

பதினான்காம் தேதி அவர் இறந்தார். ஜெசிந்தா மேலாளரிடம் ஓடினாள். அவர் திரையைப் பார்த்துவிட்டு, "உங்க அப்பாவுக்கான லீவை ஏற்கெனவே எடுத்துட்டீங்களேம்மா" என்றார்.

இருதயராஜை மண்ணில் இறக்கிய நேரத்தில் ஜெசிந்தா இரண்டாவது ஷிப்டில் நின்றிருந்தாள்.