பெயிண்ட் வாளியில் திமிங்கலத் தோல்

“ப்ளீச்சிங் பவுடரா கொட்டுன? மாமா, உனுக்கு இன்னா பைத்தியமா?” கடலுயிர் ஆராய்ச்சி படிக்கிற காயத்ரி கத்துகிற கத்தலில், வள்ளூரின் அந்தத் தெருவே பல் துலக்கும் பிரஷ்ஷை வாயில் வைத்தபடி மதிலுக்கு வந்து நிற்கிறது. பின்வாசலில், பெயிண்ட் வாளிக்குள், அவள் உப்பிட்டு வைத்த திமிங்கலத் தோல் வெளுத்து நுரைத்துக் கிடக்கிறது. கரை ஒதுங்கிய உடலை அலை திரும்ப இழுத்துப் போய்விட்டது. மிச்சம் இந்த உள்ளங்கையளவுதான். மனிதர்கள் வேட்டையாடித் தீர்த்ததில் தப்பிய சில திமிங்கலங்களின் வம்சம் தங்களுக்குள்ளேயே பெருகுகிறதா, வெளி ரத்தம் கலந்திருக்கிறதா என்று இதன் மரபணுவில்தான் அவள் பார்க்க இருந்தாள். “நாறுதுன்னு அக்கா சொல்லிச்சு. நாறுனா பவுடர் போடறதுதானே என் வேலை?” என்கிறார் தணிகைவேல். பஞ்சாயத்தில் துப்புரவு மேஸ்திரி. சட்டையெல்லாம் வெள்ளைப் பொடி. அடுத்த மாதம் அவளுக்குத் தாலி கட்டப்போகிற தாய்மாமனும் அவரேதான். குளோரின் நெடியில் எல்லோர் கண்ணும் கரிக்கிறது, அழுவது யாரென்று தெரியவில்லை. “சொந்தத்துக்குள்ளயே பெருகினு இருந்தா வம்சம் நலிஞ்சிடும் மாமா. அதத்தான் பாக்க இருந்தேன்.” “கடல்ல இருக்கறதப் பேசுடி, ஊட்டுக் கதைய ஏன் இழுக்குற?” என்று அம்மா கெங்கம்மாள் பாய்கிறாள். காயத்ரி வாளியைத் தூக்கி, மாப்பிள்ளையின் காலடியில் அப்படியே கவிழ்க்கிறாள்.

கல்யாணம் நின்றது. காயத்ரி ஆராய்ச்சி வேலையென்று கொச்சிக்குப் போய்விட்டாள். வாளியைக் கழுவி எடுத்துக்கொண்டுதான் போனாள். தணிகைவேல் தை பிறந்ததும் பொதட்டூர்பேட்டையில் கட்டிக்கொண்டார். பெண் அந்நியமில்லை, அவருடைய பெரியக்கா மகள்.