வராத மழை

"ஒரு சொட்டு... ஒரே ஒரு சொட்டு விழுந்துச்சா மேடம்?"

தச்சர் மேஜையைத் தட்டிய வேகத்தில் மழை அளவுக் குறிப்பேடு கீழே விழுந்தது. வானிலை அதிகாரி அதை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"விழலைங்க."

முந்தின நாள் காலை அவள் வெளியிட்ட அறிவிப்பில் மலைப்பகுதிக்குச் சிவப்பு எச்சரிக்கை, சமவெளிக்கு மஞ்சள். மலைச் சரிவில் இருந்த மேட்டுத் தெருவில் அறுபத்து மூன்று வீடுகள். பொழுது சாய்வதற்குள் அத்தனை பேரையும், ஆடு மாடு உட்பட, கீழே பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். மேகமோ வழியிலேயே திசைமாறிக் கடல் பக்கம் போய்விட்டது. விடிகாலை ஆறு மணிக்கு எச்சரிக்கை வாபஸ். பெண்டு பிள்ளைகள் முதல் பஸ்ஸில் மலையேற, தச்சர் மட்டும் நாலு வார்த்தை கேட்டுவிட்டுப் போகலாம் என்று இங்கே வந்திருந்தார்.

"எம் பொண்ணு பெத்துப் பன்னெண்டு நாள்தான் ஆகுது. பச்சைப் புள்ளையோட சிமெண்டுத் தரையில கெடந்தா. எம் பொண்டாட்டி வரவே மாட்டேன்னு கதவுநிலையைப் புடிச்சுக்கிட்டா. கையைப் பிரிச்சு இழுத்துட்டு வந்தோம். எதுக்கு? ராத்திரி பூரா நட்சத்திரம் எண்ணவா?"

"மலையில பத்து நாள் விடாமப் பெஞ்சு போன வாரம்தான் ஓஞ்சுது. இன்னொரு மழையை ஊறிப்போன மண்ணு தாங்காதுன்னு பயந்தேன்."

"வந்தாத்தானே தாங்குறதுக்கு? போன மாசமும் இதே கூத்து. எங்க தெருவுல உங்களுக்கு என்ன பேரு தெரியுமா? வராத மழை!"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். அதற்குள் போன் அடித்தது. தலைமை அலுவலகம். மேலதிகாரியின் குரல் தச்சருக்கும் கேட்டது.

"சமவெளியில புழுதி பறக்குது, மலையில வெயில் காயுது. நம்ம மானத்தைக் கப்பலேத்திட்டீங்களே! இனிமே சிவப்பு போடணும்னா என்னைக் கேட்டுட்டுத்தான் போடணும். ஏன் தப்பாச்சுன்னு இன்னைக்கே எழுதிக் குடுங்க."

"எழுதிடறேன் சார். காத்து திரும்பிடுச்சு. நான் கணிச்சது தப்பு."

போனை வைத்தாள். தச்சருக்கு ஏதோ போலாகிவிட்டது. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"உங்க மேல எனக்கென்ன பகையா மேடம்? வயித்தெரிச்சல், கொட்டிட்டேன்."

"நீங்க கேட்டது நியாயம்தாங்க."

"ஆனா ஒண்ணு. அடுத்த தடவை நீங்க தலைகீழா நின்னாலும் எங்க தெருவுல இருந்து ஒரு காக்கா கூட எறங்காது."

"தெரியும்." அவள் அறிக்கைக்குத் தாளை எடுத்தாள். "அதுதான் எனக்கும் கவலை."

மறுபடியும் போன். இந்த முறை மலையேறிய பஸ்ஸின் டிரைவர். பின்னால் ஒரு கைக்குழந்தை வீறிட்டு அழும் சத்தம்.

"மேடம், ஜனங்களை எங்க எறக்கி விடறது?"

"இது என்ன கேள்வி? மேட்டுத் தெருவுலதான்."

"கடைசி வளைவுல நிக்கிறேன் மேடம். ராத்திரி மலை அப்படியே சரிஞ்சு எறங்கியிருக்கு... இங்க தெருவே இல்லை."