திங்கட்கிழமை வாய்தா

"புத்தகம் வாங்குனவங்களுக்குத்தாம்மா கையெழுத்து. வெறுங்கையோட வந்து வரிசையில நின்னா எப்படி?"

சிவபாண்டி மூன்றாவது முறையாகச் சொல்லிவிட்டார். விழாக் குழுச் செயலாளர் என்று சட்டையில் பேட்ஜ் குத்தியதிலிருந்தே அவர் குரல் கொஞ்சம் கனத்துத்தான் இருந்தது.

அந்த அம்மாள் நகரவில்லை. கையில் மடித்த தாள் ஒன்றை வைத்திருந்தாள்.

"புஸ்தகத்துல வேணாம்ண்ணே. இதுல போட்டாப் போதும். நம்ம வக்கீல் சார்தான."

"அவரு இப்ப வக்கீல் இல்ல, எழுத்தாளர்."

அதில் என்ன சந்தேகம்? நன்றாக ஓடிக்கொண்டிருந்த பதினாறு வருஷத் தொழிலை ஒரே நாளில் உதறியவர் அழகுராஜா. "ஏழையின் குரல் கோர்ட்டில் கேட்பதில்லை. அதைக் கேட்கத்தான் கருப்புக் கோட்டைக் கழற்றினேன்" என்று சற்று முன்தான் மேடையில் தழுதழுத்தார். கே.கே. நகர் மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. கையிலிருந்த கேஸ்களை என்ன செய்தீர்கள் என்று கேட்கும் அளவுக்கு அங்கே யாரும் நாகரிகம் கெட்டவர்கள் இல்லை.

"அப்படி என்னம்மா அது?"

"இடத்துக் கேஸுண்ணே. கவர்மென்ட் குடுத்த மூணு சென்ட்டப் பக்கத்து வீட்டுக்காரன் வளைச்சு வேலி போட்டுட்டான். இப்ப வேற வக்கீலம்மா எடுத்து நடத்துறேங்கிறாக. அதுக்குப் பழைய வக்கீல் ஆட்சேபணை இல்லைன்னு இந்த வக்காலத்துல கையெழுத்துப் போடணுமாம். திங்கக்கெழம வாய்தா. அன்னைக்கும் வக்கீல் யாரும் வரலைன்னா கேஸத் தள்ளுபடி பண்ணிருவேன்னு ஜட்ஜய்யா சொல்லிட்டாரு."

"அவரு வீட்டுக்குப் போய் வாங்க வேண்டியதுதான?"

"நாலு தடவ போயிட்டேன். எழுதிக்கிட்டு இருக்காரு, தொந்தரவு பண்ணாதன்னு அனுப்பிட்டாக."

"இந்த மாதிரி ஆளுகளாலதான் மனுசன் தொழிலையே விட்டுட்டு ஓடியாந்தாரு" என்று பக்கத்தில் இருந்தவரிடம் அலுத்துக்கொண்டார் சிவபாண்டி.

வரிசை நகர்ந்தது. அவளும் நகர்ந்து மேசைக்கு வந்துவிட்டாள்.

"பேரு?" அழகுராஜா தலை நிமிரவில்லை.

"முத்துத்தாய் சார். திருமங்கலம் கேஸு."

பேனா நின்றது. நிமிர்ந்து பார்த்தவர், நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தே விட்டார். முத்துத்தாய்க்கு உயிர் வந்தது. மறக்கவில்லை, கையெழுத்துக் கிடைத்துவிடும்.

"நண்பர்களே, எல்லாரும் இங்க பாருங்க. 'மூன்று சென்ட் வானம்' நாவலோட கதாநாயகி இவங்கதான். இவங்க கண்ணீரைத்தான் நானூறு பக்கம் எழுதினேன்."

மண்டபம் மறுபடியும் எழுந்து நின்றது. பொன்னாடையை எடுத்துக்கொண்டு ஓடி வந்தவர் வேறு யாருமில்லை, சிவபாண்டிதான். அவளுக்குப் போர்த்திவிட்டு, போட்டோவில் அவளுக்கு வலது பக்கம் அவரே நின்றுகொண்டார்.

"சார், இதுல ஒரு கையெழுத்து..." முத்துத்தாய் வக்காலத்தை நீட்டினாள்.

"கேமராவைப் பாரும்மா."

பார்த்தாள். பத்துப் பதினைந்து படம் எடுத்தார்கள். அதற்குள் டிவிக்காரர்கள் வந்து அழகுராஜாவைப் பேட்டிக்கு அழைத்துப் போய்விட்டார்கள். எளிய மக்களுக்கு எழுத்தாளன் ஆற்ற வேண்டிய கடமை பற்றிப் பேட்டி. முடிய நேரமாகும் என்று அறைக் கதவைச் சாத்திவிட்டார் சிவபாண்டி.

கல்லூரிப் பெண் ஒருத்தி ஓடி வந்து முத்துத்தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள். பாண்டிமீனா என்று பெயர். கண் கலங்கியிருந்தது.

"கடைசி அத்தியாயத்தை என்னால தாங்கவே முடியலம்மா. தீர்ப்பு வர்றதுக்கு முன்னாடியே நீங்க செத்துப் போயிருவீங்கல்ல, அந்த இடத்துல அழுதுட்டேன்."

"நானா? செத்துட்டேன்னா எழுதியிருக்காரு?"

"ஆமாம்மா."

முத்துத்தாய் பொன்னாடையை ஒதுக்கிவிட்டு, கையிலிருந்த வக்காலத்தை மறுபடி மடித்தாள்.

"செத்தவளுக்கு எதுக்குக் கையெழுத்துன்னு போயிட்டாரு போல, தாயி."