நல்ல பிரிண்ட்

2009 தீபாவளியன்று புவனகிரியில் மின்வெட்டு இல்லை. அப்பா இறந்த வருடம் என்பதால் ஸ்ரீதர் வீட்டில் பண்டிகையும் இல்லை.

அம்மா தினமும் பார்க்கும் காமெடிப் படத்தின் ஒரிஜினல் டிவிடியை வாங்கி வந்து ஓடவிட்டான்.

“எத்தினியோ புதுப்படம் வந்துடுச்சி. இதுல அப்படி என்னாம்மா இருக்கு?”

“ஜனங்க வயிறு வலிக்கச் சிரிச்ச படம்டா. என்னிக்கும் நிக்கும்.”

காமெடிக் காட்சி வந்தது. அம்மா சிரிக்கவில்லை.

“பழைய சிடி எங்கடா?”

“அந்தத் திருட்டு சிடியா? ஒரே ஆட்டம், தியேட்டர் சத்தம் வேற. ஒடச்சிக் குப்பையில போட்டுட்டேன்.”

“நாங்க சிதம்பரத்துல பாத்த ஷோவுலதான் எவனோ அத எடுத்திருக்கான். எல்லாரும் அடங்கினப்புறமும் ஒருத்தர் சிரிப்பாரே, அது உங்கப்பாடா.”

ஸ்ரீதர் கொல்லைக்கு ஓடினான். குப்பையைக் காலையிலேயே கொளுத்தியிருந்தார்கள்.