மேட்டு இடம்

"சார், வண்டியை எடுங்க."

"முடியாது."

"இது நான் வழக்கமா நிறுத்துற இடம்."

"உன் பேர் எழுதி ஒட்டியிருக்கா?"

மூலை வீட்டு மீசைக்காரர் தன் புத்தம்புதுக் காருக்குள் உட்கார்ந்தபடியே பேப்பரைப் புரட்டினார். தன் பழைய காரை அணைக்காமல் இறங்கி வந்து, அவர் ஜன்னலருகே நின்றாள் அவள். அணைத்தால் மறுபடி கிளம்பாது. செல்ஃப் மோட்டார் போய் ஒரு மாதமாகிறது.

"புதுசு போட்டா உன் சம்பளத்துல பாதி போயிடும்மா," என்று மெக்கானிக் அன்றே சொல்லிவிட்டார். "ரேடியேட்டர் வேற ஒழுகுது. கிளட்ச் பிளேட்டும் தேஞ்சிருக்கு. மூணு கை மாறின வண்டி, ஒண்ணைத் தொட்டா அடுத்தது அழும். கையில காசு சேர்ற வரைக்கும் மேட்டுல நிறுத்து. காலையில சாவியைத் திருகி, செகண்ட் கியர் போட்டு, கிளட்ச்சை மிதிச்சுக்கிட்டு உருள விடு. வேகம் பிடிச்சதும் காலை எடு. தானா கிளம்பிடும்."

தெருவில் மேடு என்று இருப்பது மூலை வீட்டு மதிலோரம் மட்டும்தான். ஒரே ஒரு கார் நிற்கும். அந்த ஒரு இடத்தில்தான் தினமும் சாயங்காலம் மீசைக்காரர் காரைப் போட்டு, உள்ளேயே உட்கார்ந்து பேப்பர் படிப்பார். சாவியைத் தொட்டாலே கிளம்புகிற வண்டிக்கு மேடு எதற்கு?

"கீழே அவ்வளவு இடம் கிடக்கே சார்!"

"அப்ப நீ போய் அங்கே நிறுத்தேன்."

"என் வண்டியில செல்ஃப் இல்லைன்னு உங்களுக்குத் தெரியும்."

"ஓட்டை வண்டிக்கு ராஜமரியாதை கேக்குதோ?"

"ஓட்டையோ உடைசலோ, என் சம்பாத்தியத்துல வாங்கினது. நீங்க எடுக்கிற வரைக்கும் ஹாரன்ல இருந்து கையை எடுக்க மாட்டேன்."

தன் காருக்குத் திரும்பிப் போய், சொன்னபடியே செய்தாள். ஜன்னல்கள் திறந்தன. "ஒரு பொண்ணுகிட்டப் போய் மல்லுக்கு நிக்கிறாரே, பெரிய மனுஷன்!" என்று யாரோ மாடியிலிருந்து சொன்னார்கள்.

மீசைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே வண்டியைக் கிளப்பி, மூலை திரும்பிப் போனார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா பிடித்துக்கொண்டாள். "தினமும் இதே பாட்டா? அக்கம்பக்கத்துல பகை எதுக்குடி?"

"விட்டா தலையில ஏறி உட்காருவாங்கம்மா. அப்பா ஆயுசு பூரா 'சரிங்க சார், சரிங்க சார்'னே ஓட்டிட்டார். எனக்கு அது வராது. முதல் நாள் வண்டி நின்னுபோனப்ப இதே ஆள்தான் இளிச்சுக்கிட்டு வந்தார், 'தள்ளி விடட்டுமா'ன்னு. உங்க தயவு வேண்டாம்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டேன். அந்தக் கடுப்பைத்தான் இப்படிக் காட்டறார்."

வீட்டில் படித்து வேலைக்குப் போகிற முதல் ஆள் அவள். பக்கவாதத்தில் விழுந்தவர்களுக்கு வீடு வீடாகப் போய்க் கைகால் பயிற்சி கொடுக்கிற வேலை. கார் இல்லாமல் நடக்காது. பகலில் போகிற இடத்திலெல்லாம் சரிவு பார்த்துத்தான் நிறுத்துவாள். ஏற்கெனவே இரண்டு முறை தாமதம். "இன்னொரு தடவை லேட்டுன்னா வேற ஆளைப் போட்டுக்குவோம்," என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

மறுநாள் சாயங்காலம் சண்டைக்குத் தயாராக வந்தாள். மீசைக்காரரைக் காணோம். மேட்டில் ஒரு சரக்கு டெம்போ நின்றிருந்தது. ஹாரன் அடித்தாள். டிரைவரைத் தேடினாள். ஒருவரும் வரவில்லை. வேறு வழியில்லாமல் கீழே நிறுத்தினாள்.

காலையில், பயந்தது போலவே, வண்டி கிளம்பவில்லை. கதவைத் திறந்து ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு ஒற்றை ஆளாகத் தள்ளினாள். கொஞ்சம் நகர்ந்து நின்றுவிட்டது.

விறுவிறுவென்று மேடேறிப் போய் மூலை வீட்டு கேட்டைத் தட்டினாள். மீசைக்காரரின் மனைவி திறந்தாள்.

"அக்கா, உங்க வீட்டுக்காரரைக் கூப்பிடுங்க. என்னை ஜெயிக்க முடியலைன்னு டெம்போவைக் கொண்டுவந்து விட்டாரா?"

"அவர் நேத்து மத்தியானமே அவசரமா வெளியூருக்கு பஸ் ஏறிட்டாரேம்மா. என்னைப் பார்த்துக்கச் சொல்லிட்டுத்தான் போனார். எனக்குக் கார் ஓட்ட வராது. நாற்காலியைப் போட்டு வச்சேன். அந்த டெம்போக்காரன் தூக்கி ஓரமா வச்சுட்டு நிறுத்திட்டான்."

"எதைப் பார்த்துக்கச் சொன்னார்?"

"உன் இடத்தைத்தான். அந்த டெம்போ தினமும் சாயங்காலம் அங்கேதான் வந்து நிக்கப் பார்க்கும். அதுக்கு முந்தியே இவர் நம்ம காரை வெளியே எடுத்துப் போட்டுடுவார், நீ வர்ற வரைக்கும்."

அவள் முதல்முறையாக அந்த கேட்டுக்குள் பார்த்தாள். உள்ளே ஷெட்டில், மேலே உறை போர்த்தி, அந்தப் புத்தம்புதுக் கார் நின்றிருந்தது.

"லேட்டாகுதா? வா, நான் தள்ளறேன்." கையைத் துடைத்துக்கொண்டு அக்கா முன்னால் நடந்தாள்.

'வேண்டாம்' என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டு பின்னால் போய்க் காரில் ஏறினாள்.

உட்கார்ந்ததும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். "அப்ப எதுக்குக்கா என்னோட தினமும் அவ்வளவு சண்டை? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே..."

அக்கா காரின் பின்பக்கம் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு சிரித்தாள்.

"நானும் அதைத்தான் கேட்டேன். 'அந்தப் பொண்ணு கொடுத்தா வாங்காதுடி. சண்டை போட்டுப் பிடுங்கினதுன்னாத்தான் எடுத்துக்கும்'னார். சரி, கியரைப் போடு!"