இருட்டுவதற்குள்

வாடகை ஜாமீன் படிவத்தில் குடியிருக்கப்போகிறவர் அம்மா, ஜாமீன்தாரர் நான். ஐம்பத்தெட்டு வயதில் அவள் தனியாக இருக்கப்போகும் முதல் வீடு. நான் கையெழுத்துப் போடும் முன்பே சாவியைக் கேட்டு வாங்கி உள்ளங்கையில் பொத்திக்கொண்டாள். மாடி ஏறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை, சிரிப்பும்தான். "கீழ ஒரு வரி சேத்துக்கம்மா," என்றார் வீட்டுக்காரர் தணிகாசலம் என்னிடம். "இருட்டுறதுக்குள்ள வீட்டுக்கு வந்துடுவாங்கன்னு." சரியென்று பேனாவைத் திறந்தேன். அம்மா சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தாள். சாவியின் பற்கள் அழுத்தின. "பூங்கோதை, உன் ஹாஸ்டல் ஃபாரத்துல இதே வரிய நான் எழுதிக் குடுத்தேன்ல," என்றாள், கண்கள் பளபளக்க. "அதையே எனக்கு நீ எழுதிடாதடி."