மதகுக் குழாயும் கொக்கும்

புயலில் கூடு விழுந்து இரண்டு குஞ்சுகளும் இறந்த பிறகு, ஒரு கொக்கு ஏரிக்குப் போவதை நிறுத்திவிட்டது. மதகுக் குழாயின் வாயருகே போய் நின்றுகொண்டது. அந்தக் குழாயிலிருந்து எப்போதாவது ஒரு மீன் வந்து விழும். எப்போது என்று யாருக்கும் தெரியாது.

நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே போன அதைத் தேடி அதன் துணையான பெண்கொக்கு வந்தது.

“ஏரி நிறைய மீன் இருக்கிறதே. இங்கே எதற்கு நிற்கிறீர்கள்?”

“மீனுக்காக இல்லை. ‘இதோ விழப்போகிறது’ என்று காத்திருக்கும்போது குஞ்சுகளின் ஞாபகம் வருவதில்லை.”

“எனக்கு வருகிறது. தினமும் நான் ஒருத்தியாகத்தான் அழுகிறேன்.”

கொக்கு அங்கிருந்து காலை எடுத்து வைத்தது. உடனே குழாய் பேசியது.

“இத்தனை நாள் நின்றாயே, விட்டதைப் பிடிக்க வேண்டாமா? ஒரே நிமிஷம் நில். அடுத்தது பெரிய மீன். இப்போது போனால் எல்லா ஞாபகமும் வந்துவிடும்.”

“வரட்டும். உன் மீன் எனக்கு வேண்டாம்” என்றது கொக்கு.

பத்தடி போவதற்குள் பின்னால் ஒரு மீன் துள்ளி விழும் சத்தம் கேட்டது. கொக்கு ஒரு கணம் நின்றது. ஆனாலும் அது திரும்பிப் பார்க்கவில்லை.

கூடு இருந்த கிளையில் இரண்டும் சேர்ந்து உட்கார்ந்தன. அன்றுதான் கொக்கு முதல் தடவையாக வாய்விட்டு அழுதது.